சிவப்பு விளக்கு எரிகிறது, லேப்டாப்புக்குத் தெரியவில்லை: போர்டு போய்விட்டதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், டைப்-சி வைத்த ஆர்டுயினோ நானோ என்ற, புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன போர்டு வாங்கினோம். கேபிள் தரவில்லை. வீட்டில் ட்ரிம்மரோடு வந்த கேபிள் பொருந்தியது. சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, இன்னொன்று மினுக்குகிறது. ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணவரின் ஆபீஸ் லேப்டாப்பிலும் இதே கதை. விற்ற கடையில் "போர்டு போயிடுச்சு, நீங்க ஏதாவது தப்பா சொருகியிருப்பீங்க, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். லேப்டாப் ரிப்பேர் கடையில் "யு.எஸ்.பி. அடி வாங்கியிருக்கு, மதர்போர்டு வேலை, ரெண்டு நாள் வெச்சிட்டுப் போங்க" என்கிறார்கள். ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் முழுசாகச் செய்தே கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: மூன்று பேரையும் நம்பாதீர்கள், அம்மா. லேப்டாப்பை எங்கும் விட்டுவிட்டு வர வேண்டாம், இன்னொரு போர்டும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் போர்டும் நன்றாக இருக்கிறது, லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. என் சந்தேகம் முழுக்க அந்த ட்ரிம்மர் கேபிள் மேல்தான்.

சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் ஓடும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவல் போய்வர. ட்ரிம்மர், இயர்போன், கையடக்க ஃபேன், டார்ச் லைட் இவற்றோடு வரும் கேபிள்களில் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. ட்ரிம்மருக்கு சார்ஜ் ஏறினால் போதும், அதனால் காசை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகையும் அச்சு அசல் ஒன்றுதான். இது சார்ஜுக்கு மட்டும் என்று கேபிள் மேல் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? அதைக்கூட யாரும் செய்வதில்லை. எத்தனையோ நல்ல போர்டுகள் இந்த ஒரு காரணத்தால் குப்பைக்குப் போகின்றன.

சிவப்பு விளக்கு எரிவதற்கு ஒரே அர்த்தம், போர்டுக்கு 5 வோல்ட் வருகிறது என்பது. லேப்டாப் அதோடு பேசுகிறது என்று அர்த்தமில்லை. இன்னொரு விளக்கு மினுக்குகிறது என்றீர்களே, அது நல்ல அறிகுறி. இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு சின்ன மினுக்கும் புரோகிராமை ஏற்றியேதான் அனுப்புகிறார்கள். அது ஓடுகிறது என்றால் போர்டின் மூளையான ஏ.டி.மெகா 328 சிப் உயிரோடு இருக்கிறது. "போர்டு போயிடுச்சு" என்று சொன்னவர் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆபீஸ் லேப்டாப்பில் போட்டுப் பார்த்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். கேபிளை மாற்றாமல் லேப்டாப்பை மட்டும் மாற்றினால் எதுவும் தெரியாது. அதோடு, இந்த ஊர் ஐ.டி. கம்பெனிகள் பல, தங்கள் லேப்டாப்பில் வெளிப்பொருள் எதையும் ஏற்காதபடி பூட்டி வைத்திருக்கின்றன. டிரைவர், அதாவது வெளிப்பொருளோடு லேப்டாப்பைப் பேச வைக்கும் சின்ன மென்பொருள், அதைப் போடவும் அனுமதி இருக்காது. மகளின் ப்ராஜெக்டுக்காக அதில் எதையாவது நிறுவப் போய், கணவர் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, கேபிளை எப்படிச் சோதிப்பது? உங்கள் ஆண்ட்ராய்டு போனை அதே கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். ஃபைல் மாற்றவா, சார்ஜ் மட்டுமா என்று கேட்டால் கேபிளில் தகவல் கம்பி இருக்கிறது. எதுவும் கேட்காமல் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், அந்தக் கேபிளை ட்ரிம்மரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் தேறும் வேறொரு கேபிளை எடுங்கள். போனோடு பெட்டிக்குள் வந்த கேபிள் பெரும்பாலும் தேறிவிடும்.

அடுத்து, போர்டில் மாட்டியிருக்கும் பம்ப், சென்சார், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் போர்டை மட்டும் நேரடியாக லேப்டாப்பில் சொருகுங்கள். நடுவில் யு.எஸ்.பி. ஹப் வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து, லேப்டாப்பில் இணைந்திருப்பவற்றைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள். பட்டியலில் எது வந்து போகிறது என்பதுதான் முக்கியம்.

ஒன்றுமே அசையவில்லை என்றால் இன்னமும் கேபிள்தான் பிரச்சினை. அல்லது போர்டின் சாக்கெட்டில் சால்டரிங் விட்டிருக்கலாம். "அதர் டிவைசஸ்" என்ற தலைப்பில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஏதோ ஒன்று வந்தால் சந்தோஷப்படுங்கள், கேபிள் சரியாகிவிட்டது, டிரைவர் மட்டும்தான் பாக்கி. "போர்ட்ஸ்" என்ற தலைப்பில் சி.எச். 340 என்ற பெயரும் பக்கத்தில் காம் 3, காம் 5 மாதிரி ஓர் எண்ணும் வந்தால் வேலை முடிந்தது. காம் 1 மட்டும் எப்போதும் அங்கேயே இருந்தால் அது வேறு சமாசாரம், உங்கள் போர்டு அல்ல.

அந்த சி.எச். 340 என்ன என்று ஒரு வார்த்தை. போர்டின் மூளைக்கு யு.எஸ்.பி. மொழி தெரியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். விலை குறைந்த நானோக்களில் அந்த வேலையைச் செய்வது சீனாவின் நான்ஜிங்கில் இருக்கும் டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் சி.எச். 340 சிப். போர்டைத் திருப்பி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிப்பின் முதுகில் பெயர் தெரியும். மலிவானது என்றாலும் ஒழுங்காக உழைக்கும் சிப் அது. அது இருப்பதாலேயே "டூப்ளிகேட் போர்டு" என்று பயமுறுத்துபவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. அவர்களுடைய பெயரையும் முத்திரையையும் போட்டு ஏமாற்றாத வரை, அதைப் பார்த்து இன்னொருவர் போர்டு செய்து விற்பதில் தப்பில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டும் இணைய இணைப்பு இருந்தால் பெரும்பாலும் இந்த டிரைவரைத் தானாகவே இறக்கிக்கொள்ளும். போர்டைச் சொருகிவிட்டு, விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, கூடுதல் (ஆப்ஷனல்) அப்டேட்களில் டிரைவர் ஏதும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் மட்டும் டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் இறக்குங்கள்.

இங்கேதான் நான் பலமுறை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. டிரைவர் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது விளம்பரங்கள். பெரிய பச்சை டவுன்லோட் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் உங்களுக்கு வேண்டிய டிரைவர் வராது. "உங்கள் கணினியில் இத்தனை டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டி, சரிசெய்யப் பணம் கேட்கும் ஒரு மென்பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழற்றுவது பெரிய வேலை. இன்னும் சிலர் "மேடம், எனிடெஸ்க் போடுங்க, நானே சரிபண்றேன்" என்பார்கள். தூரத்திலிருந்தே உங்கள் லேப்டாப்பை இயக்க விடும் மென்பொருள் அது. அதைப் போடுவது, நெட் பேங்கிங் செய்கிற லேப்டாப்பை முன்பின் தெரியாத ஆளின் கையில் கொடுப்பதற்குச் சமம். சில நூறு ரூபாய் போர்டுக்காக அந்த ஆபத்து எதற்கு? டிரைவருக்கு யார் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அது இலவசம்.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொன்னதைக் கேட்டுப் புதுக் கேபிள் வாங்கப்போகிறவர்கள் நேராக இதில்தான் போய் விழுவார்கள்.

புதுக் கேபிள் என்றதும் கடையில் இரண்டு முனையும் டைப்-சி வைத்த, தடிமனான, விலை கூடிய கேபிளைக் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் தகவல் கம்பி இருக்கும். ஆனால் உங்கள் நானோவைச் சொருகினால், இதுவரை எரிந்த சிவப்பு விளக்குகூட எரியாமல் போகலாம். உடனே போர்டு நிஜமாகவே செத்துவிட்டது என்று தோன்றும். சாகவில்லை. லேப்டாப்பின் பழைய அகலமான யு.எஸ்.பி. துளையில் எப்போதும் 5 வோல்ட் தயாராக இருக்கும். டைப்-சி துளை அப்படியில்லை. எதிரே மின்சாரம் வாங்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திறக்கும். அதைத் தெரிவிக்கப் போர்டில் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். மலிவான டைப்-சி நானோக்கள் சிலவற்றில் அந்த இரண்டையும் வைக்காமலே விற்கிறார்கள். துளையின் வடிவம் மட்டும் புதுசு, உள்ளே பழைய போர்டுதான். மின்தடை இல்லாததால் லேப்டாப் எதிரே யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு மின்சாரமே தராது.

பெரிய இடங்களிலும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4 போர்டில் இரண்டு மின்தடைகளுக்குப் பதிலாக ஒன்றை வைத்துப் பகிர்ந்துகொள்ளச் செய்துவிட்டார்கள். சிலவகை டைப்-சி கேபிள்களில் அதற்கு மின்சாரம் ஏறவில்லை. பிறகு வந்த போர்டுகளில் திருத்தினார்கள். நம் ஊருக்கு வரும் பெயரில்லாத நானோவைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

ஆகவே ஒரு முனை பழைய அகல வடிவம், மறுமுனை டைப்-சி உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். "டேட்டா கேபிள்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். முடிந்தால் கடையிலேயே போனை வைத்துச் சோதித்துப் பாருங்கள். லேப்டாப்பில் டைப்-சி துளை மட்டும்தான் உண்டு என்றால், அதை அகலத் துளையாக மாற்றும் சின்ன அடாப்டரை நடுவில் வைத்து இதே கேபிளைச் சொருகுங்கள். வேண்டிய மின்தடை அந்த அடாப்டரிலேயே இருக்கும்.

போர்டு தெரிந்த பிறகு, ஆர்டுயினோ மென்பொருளில் டூல்ஸ் பகுதிக்குப் போய் போர்டாக நானோவையும், டிவைஸ் மேனேஜரில் பார்த்த காம் எண்ணையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்லோட் செய்யும்போது "நாட் இன் சிங்க்" என்று பிழை வந்தால், பிராசசர் என்ற இடத்தில் ஓல்ட் பூட்லோடர் என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கட்டும். பூட்லோடர் என்பது நாம் அனுப்பும் புரோகிராமை வாங்கிச் சிப்பில் ஏற்றும் சின்ன புரோகிராம். போர்டில் பழைய பூட்லோடர் இருந்தால் அதோடு சரியாகிவிடும். அப்லோட் செய்யும்போது போர்டின் 0, 1 எண் கால்களில் (பின்களில்) ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவுதான், இதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

ப்ராஜெக்ட் சென்டர் பற்றிக் கேட்டீர்கள். அங்கே கொடுப்பது இதே நானோ, இதே சென்சார், இதே பம்ப். மேலே ஒரு தெர்மோகோல் வீடும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டும் இருக்கும். விலை பல மடங்கு. உங்கள் மகள் இதற்குள் எது எரிந்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறாள், அது அங்கே கிடைக்காது. குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. பள்ளிகள் மைக்ரோகண்ட்ரோலர் (இந்த நானோ மாதிரி போர்டு) ப்ராஜெக்ட் என்று பட்டியல் கொடுக்கின்றன, பிள்ளைகள் கையில் தொட்டுப் பார்க்க ஒரு போர்டும் நல்ல கேபிளும் லேபில் வைப்பதில்லை. பிறகு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பெற்றோர்கள் சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைகிறார்கள். கண்காட்சியில் யார் செய்தது என்று யாரும் கேட்பதும் இல்லை.

எஸ்.பி. ரோட்டில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. கவுன்டரிலேயே லேப்டாப் வைத்து, போர்டைச் சொருகிக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட கடையில் பத்து இருபது ரூபாய் கூட இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.

நல்ல கேபிள், வேறு லேப்டாப், வெறும் போர்டு என மூன்றையும் பார்த்த பிறகும் டிவைஸ் மேனேஜரில் ஒன்றும் வரவில்லை, அல்லது "டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்" என்று மட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றால், அப்போது போர்டின் மேல் சந்தேகப்படலாம். பில்லோடு கடைக்குப் போங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டுவார்கள். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கவுன்டரில் நின்று வாதாடும் வேலை வாங்கியவர் தலையில்தான் விழுகிறது, அதுதான் எரிச்சல். பில் வாங்காமல் வந்திருந்தால் போனில் பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேசிப் பார்த்தும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.