பருப்பு வேகுமா என்று ஒரு கட்டம்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சென்னிமலைப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டு ஆய்வில் வழிகாட்டி. பிள்ளைகள் எடுத்திருக்கும் தலைப்பு: நொய்யல் ஆற்றோரத்துக் கிணறுகளின் தண்ணீர்.)

ஒன்பதாவது படிக்கும் என் மகனிடம் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தை சண்டைதான். நீங்கள் அந்த வயதுப் பிள்ளைகளை வெயிலில் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப் போகிறீர்கள். சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா ஐயா?
– வாசகி, வெள்ளகோவில்

கேட்கிறார்கள் என்று யார் சொன்னதுங்க? தொப்பி கொண்டு வா என்றால் ஒருத்தரும் கொண்டு வருவதில்லை. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கதையே வேறு. கிணற்றுத் தண்ணீரைப் பிடிக்கும் முன்னால் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும் என்று முதல் நாள் சொன்னேன். அப்புறம் சொல்லத் தேவையே வரவில்லை. ஒரு தோட்டத்தில் பொழுது சாய்ந்துவிட்டது, தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்தப் போகிறார். "சரி சரி, பிடி கண்ணு" என்று நானே அவசரப்படுத்தினேன். பத்தாவது படிக்கும் பொண்ணு அசையவில்லை. "இன்னொருக்கா அலசோணுங்க சார்" என்றாள். தோட்டக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மோட்டாரை ஓட விட்டார்.

உங்கள் மகனிடம் பேச்சைக் குறைத்து, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கடைக்கு அனுப்புவதெல்லாம் கணக்கில் சேராது. அவன் செய்யாவிட்டால் நின்றுபோகிற வேலையாக இருக்கட்டும்.

இந்த ஆய்வுகளையெல்லாம் வாத்தியாரும் அப்பா அம்மாவும் எழுதிக் கொடுக்க, பிள்ளைகள் மேடையில் ஒப்பிக்கிறார்கள் என்கிறேன் நான். மறுப்பீர்களா?
– வாசகர், சென்னிமலை

மறுக்க மாட்டேன். அப்படியும் நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. "எந்த இடத்தில் கணக்கு உதைத்தது?" என்று பிள்ளையைக் கேளுங்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளை அங்கேயே முழிக்கும்.

எங்கள் குழுவில் ஒரு பையன் இருக்கிறான். எட்டாவது. வாயைத் திறந்து பேச வைப்பதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். ஒரு சாளையில் (தோட்டத்து வீட்டில்) தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டு, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு ஆத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பருப்பு வேகலைன்னா உப்புத் தண்ணீன்னு எனக்குத் தெரியாதா சாமி? அதுக்கு ஒரு மீட்டரா?" என்றது. நாங்கள் சிரித்துவிட்டு நகர்ந்தோம். இவன் நகரவில்லை. நோட்டை முழங்காலில் வைத்து, அட்டவணையின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான். மேலே எழுதினான்: "பருப்பு வேகுமா?"

அன்றிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வீட்டுக்குள் தலையை நீட்டி அதைக் கேட்டுவிட்டுத்தான் வருவான். மற்றதுகள் எல்லாம் அவனைக் கிண்டல் செய்தன. பிறகு ஒரு நாள் இரண்டு கிணறுகளைக் காட்டினான். மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறது, இன்னொன்றில் வேகவில்லை. "மீட்டர் பொய் சொல்லுதுங்களா சார்?"

மீட்டர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் வழியே மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்கிடுவதுதான் அதன் வேலை. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமானால் தண்ணீர் கடினமாகும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சோடியம் உப்பு பருப்பை அப்படிப் பாடுபடுத்தாது. இதைச் சொன்னதும், அப்படியானால் கடினத்தன்மையைத் தனியாக அளக்க வேண்டும் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பள்ளி ஆய்வகத்தில், நிறங்காட்டி கலந்த கிணற்றுத் தண்ணீரில், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்துக்காகக் குடுவையைச் சூழ்ந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் யாரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

இதை எந்த வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்க முடியும், சொல்லுங்கள்.

நீங்களே சாயப்பட்டறைக்காரர். நொய்யலைப் பற்றிப் பிள்ளைகள் உங்களை மடக்கவில்லையா?
– வாசகர், திருப்பூர்

மடக்காமல் விடுவார்களா? பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு எதற்கு என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் நூலுக்கும் எதிர் மின்சுமை, சாயத்துக்கும் எதிர் மின்சுமை. ஒன்றை ஒன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து சாயத்தை நூலோடு சேர்க்கும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புகூடப் போகும். அந்தப் பொண்ணு, பாட்டில் அலசியவளேதான், பென்சிலை எடுத்தாள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அரைக் கிலோ உப்பு வருகிறது. "துணியில எவ்வளவு தங்குமுங்க சார்?" தங்காதம்மிணி, எல்லாம் அலசலில் வந்துவிடும் என்றேன். "அப்ப ஒரு கிலோ பனியனுக்கு அரைக் கிலோ உப்பு வெளிய வந்துருதுங்களா?"

ஆமாம் என்றேன். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையின் கதையையும் அன்றைக்கே முழுசாகச் சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று வந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இப்போது சாயக்கழிவைச் சவ்வு வழியே வடிகட்டி, மீதத்தைக் கொதிக்கவைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு எடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த எந்திரம் ஓடறதுக்குக் கரண்டு எவ்வளவு ஆகுமுங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் கூட்டமாக இருந்தால் இந்நேரம் கட்சி பிரிந்திருக்கும்.

அறிக்கையில் அவர்களே எழுதிய ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: "இந்தக் கிணற்றின் உப்பு ஆற்றிலிருந்து வந்ததா, பாறையிலிருந்து வந்ததா என்று எங்கள் அளவீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது." சம்பளம் வாங்கி அறிக்கை எழுதுகிறவர்கள் பலரிடம் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது ஓரத்துக் கிணறுகளில் கசிவுத் தண்ணீர் சேர்ந்து உப்பு குறையும், அதனால் வாய்க்கால் நின்ற பிறகு இன்னொரு தரம் அளக்க வேண்டும் என்பதும் அவர்கள் கொண்டு வந்த யோசனைதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பரிசு கிடைத்ததா?
– வாசகர், தாராபுரம்

மாவட்ட அளவில் இன்னும் நடக்கவில்லைங்க. அதைத் தாண்டினால் மாநிலம், பிறகு தேசியம். கிடைத்தால் ஆசிரியருக்குக் கடிதம் போடுகிறேன்.

நான் பி.காம். படித்தவன், மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக நானும் வரலாமா?
– வாசகர், பெருந்துறை

வாருங்கள். 1993-ல் தேசிய அளவில் தொடங்கிய மாநாடு இது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் பங்கெடுக்கலாம். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். வேதியியல் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு இப்போது உடனே வேண்டியது கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர்தான். ஆறு நோட்டில் ஆறு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள், ஒருத்தர் எழுத்து இன்னொருத்தருக்குப் புரியவில்லை. சனிக்கிழமை காலையில் வந்தால் போதும். கடையில் துவரம் பருப்பு இருக்குமல்லவா, கால் கிலோ கொண்டு வாருங்கள். எல்லாக் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரே பருப்பை வேகவைத்துப் பார்க்க வேண்டுமாம், அந்தப் பையன் சொல்கிறான்.