நிலவியல் படித்தால் நிலவை ஆராயலாமா?

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கோள்களை ஆராயும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். ஜேஇஇ எழுதவில்லை. சொந்தக்காரர்கள் கேரளாவில் நர்சிங் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். இன்ஜினியரிங் இல்லாமல் இதற்கு வழி உண்டா? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?

பதில்: சகோதரி, இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். சந்திரயான்-2 திட்டத்தை இயக்கியவர் வனிதா. சொந்தக்காரர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

ஆனால் இவர்கள் விண்கலத்தைக் கட்டி அனுப்பும் பொறியாளர்கள். அந்தக் கலம் அனுப்பும் தகவலை வைத்து அங்குள்ள மண் என்ன, பாறை என்ன என்று சொல்வது வேறு வேலை. உங்கள் மகள் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். இதற்கு இயற்பியலோ நிலவியலோ படித்து வரலாம். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியதும் நிலவு மண்ணுக்குள் 10 உணரிகள் கொண்ட ஒரு குச்சியைச் செருகி வெப்பம் அளந்தார்களே, அந்தச் 'சாஸ்டே' கருவி ஆரியங்காவு தாண்டினால் எட்டிவிடும் திருவனந்தபுரத்தில், இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில், அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகமான பிஆர்எல் துணையோடு உருவானது.

சேரும்போது ஒரு சிக்கல் வரும். நம் ஊரில் புவியியல் என்றால் ஜியாகிரபி. மகளுக்கு வேண்டியது ஜியாலஜி, அதாவது நிலவியல். விண்ணப்பத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி காலேஜிலும் நிலவியல் இருக்கிறது. நாமக்கல் அருகே சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போவதால், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணை அதை அரைத்துத்தான் செய்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கும் அதில் பங்கு உண்டு.

பிஎஸ்சி மூன்றாம் ஆண்டில் எம்எஸ்சி சேர்வதற்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வை எழுதட்டும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதியின் 30 கேள்விகளில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். விடையை எண்ணாகத் தரும் கடைசிப் பகுதியில் கழிவு இல்லை, அங்கே எதையும் விட்டுவைக்கக் கூடாது. எம்எஸ்சி முடித்து நெட், கேட் அல்லது ஜெஸ்ட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேறினால் பிஆர்எல் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அதுவரை ஐந்து வருஷம் வீட்டுப் பணம்தான். நர்சிங் சீக்கிரம் சம்பளம் தரும் என்பது உண்மை. இதை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

பொறியியல் ஆசையும் இருந்தால் அடுத்த வருஷம் ஜேஇஇ எழுதலாம். அதன் இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டு தேறினாலும், திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டிக்குத் தனியாகப் பதிய வேண்டும். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா பொதுக் கலந்தாய்வில் அது வராது. பலர் தவறவிடுவது இங்கேதான்.

இந்த விடுமுறையிலேயே வேலையைத் தொட்டுப் பார்க்கட்டும். நிலவைச் சுற்றும் நாசா விண்கலத்தின் கேமராப் படங்களைத் தரும் எல்ஆர்ஓசி குவிக்மேப் தளத்தில் நிலவுப் படம் இலவசம். ஒரு பள்ளத்தின் விளிம்பு நிழலை அளந்து, சூரியனின் ஏற்றக் கோணத்தின் (அடிவானத்திலிருந்து சூரியன் இருக்கும் கோணம்) டேன் மதிப்பால் பெருக்கினால் ஆழம் வரும். நிழல் 300 மீட்டர், கோணம் 20 டிகிரி என்றால் 300 × 0.364, சுமார் 109 மீட்டர். நிழலின் நுனி பள்ளத்தின் சரிவில் விழுந்தால் ஆழம் குறைவாகக் காட்டும். தட்டையான அடித்தளத்தில் விழும் நிழலைத்தான் எடுக்க வேண்டும். பள்ளம் மேடு மாதிரித் தெரிந்தால், வெளிச்சம் மேலிருந்து வரும்படி படத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.