நெட்வொர்க் கேள்வி-பதில்: டெஸ்ட் பண்றதுக்குன்னே தனியா ஒரு சர்வர்

கேள்வி: சார், திருப்பூர்ல சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ் வச்சிருக்கோம், இருபத்தஞ்சு சிஸ்டம் இருக்கு. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். ஸ்பீடு டெஸ்ட் போட்டா 280 காட்டுது, ஆனா மெர்ச்சண்டைசிங் பசங்க ஃபைல் சர்வர்ல இருந்து ஒரு டிசைன் ஃபோல்டர காப்பி பண்ணா டீ குடிச்சிட்டு வரலாம், ஜெர்மனி பையரோட போர்டல்ல அப்லோடு பண்ணா அதவிட மோசம். நெட்காரர் எங்க லைன் கிளியர்ங்கறார், சிஸ்டம் சர்வீஸ் பண்றவர் நெட்டுதான் பிரச்சனைங்கறார். டெஸ்ட் பண்ணவே தனியா ஒரு சர்வர் வைங்கன்னு ஒருத்தர் சொன்னார். என்ன மெஷின், என்ன சாஃப்ட்வேர்?
- கே.எம்., திருப்பூர்

பதில்: தாராளமா வைங்க, செலவும் பெருசா ஆகாது. ஆனா முதல்ல அந்த 280 எதோட கணக்குன்னு பாருங்க. ஊக்லா ஸ்பீடு டெஸ்ட் பொதுவா பக்கத்துல இருக்கற சர்வரத்தான் எடுக்கும், நிறைய நேரம் அது உங்க நெட் கம்பெனிக்குள்ளயே இருக்கும். அப்போ உங்க ரவுட்டர்ல இருந்து அவங்க இடம் வரைக்கும் லைன் நல்லாருக்கு, நெட்காரர் சொல்றது அந்த வரைக்கும் உண்மைதான். அதுக்கு அந்தப்பக்கம் ஜெர்மனி வரைக்கும் என்ன நடக்குதுன்னு அந்த நம்பருக்கு தெரியாது, உங்க ஆபீஸுக்குள்ள கடைசி டேபிளுக்கும் ஃபைல் சர்வருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னும் தெரியாது. உங்க பிரச்சனை ரெண்டும் அங்கதான் இருக்கு. அதனால ஆபீஸ் உள்ள ஒரு டெஸ்ட் சர்வர், வெளிய ஒண்ணு, இப்படி தனித்தனியா அளந்தாதான் யார் மேல தப்புன்னு அடிச்சு சொல்ல முடியும்.

உள்ள வைக்கறதுக்கு புதுசா எதுவும் வாங்க வேணாம். ஓரமா கிடக்கற பழைய ஐ3 இல்ல ஐ5 டெஸ்க்டாப், அதுல கிகாபிட் போர்ட் இருந்தா போதும், 1 கிகாபிட்டுக்கு அந்த பிராசசர் தாராளம். டெபியன் இல்ல உபுண்டு சர்வர் போடுங்க, ரெண்டும் லினக்ஸ்தான், டெஸ்க்டாப் வெர்ஷன் வேணாம். ரவுட்டர்ல அதுக்கு ஒரு ஐபி அட்ரஸ ரிசர்வ் பண்ணிடுங்க, ஸ்லீப் மோடு ஆஃப், மெயின் சுவிட்ச்ல நல்ல கேபிள்ல நேரா செருகுங்க, வைஃபை கிட்டயே போகாதீங்க. அப்புறம் முக்கியமா, சும்மாதானே ஓடுது அதுலயே டேலியும் போட்டுக்கலாம், கேமரா ரெக்கார்டிங்கும் அங்கயே போகட்டும்னு யாராவது வருவாங்க, விடாதீங்க. நாளைக்கு நம்பர் கம்மியா வந்தா இந்த பெட்டி மேல சந்தேகமே வரக்கூடாது, தனியா வைக்கறதே அதுக்குத்தான்.

சாஃப்ட்வேர் ஐபெர்ஃப்3, ரெண்டு மெஷினுக்கு நடுவுல டேட்டா அனுப்பி ஸ்பீட அளக்கறது, ரெண்டு பக்கமும் போடணும். அமெரிக்க எனர்ஜி டிபார்ட்மென்ட் லேப்களுக்கு நெட்வொர்க் நடத்தற இஎஸ்நெட் ஆளுங்க எழுதினது, ஃப்ரீ. இன்ஸ்டால் பண்றப்பவே இத டீமனா, அதாவது பின்னாடி தானா ஓடற புரோகிராமா ஸ்டார்ட் பண்ணவான்னு கேக்கும், எஸ் குடுத்தா மெஷின் ஆன் ஆகறப்பலாம் தானா ஓடும். போர்ட் 5201, ஃபயர்வால் போட்டிருந்தா டிசிபி, யுடிபின்னு டேட்டா போற ரெண்டு முறைக்கும் திறந்து விடுங்க. பழைய ஐபெர்ஃப்2 வேற சாமான், அதோட போர்ட் 5001, இதுவும் அதுவும் பேசிக்காது, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு போட்டுட்டு கனெக்ட் ஆகலன்னு உக்காந்திருக்கறவங்க நிறைய.

முதல்ல சர்வரையே டெஸ்ட் பண்ணணும், இத யாரும் செய்யறதில்ல. சர்வர்ல இருந்தே 127.0.0.1-க்கு ஒரு டெஸ்ட் போடுங்க, கேபிள் எதுவும் இல்லாம உள்ளுக்குள்ளயே சுத்தறதால பல கிகாபிட் வரும், வரலன்னா மெஷினே டொக்கு. அடுத்து ஒரு லேப்டாப்ப நேரா ஒரே கேபிள்ல கனெக்ட் பண்ணி, ரெண்டு பக்கமும் கையால ஐபி போட்டு ஓட விடுங்க. 941 எம்பிபிஎஸ் பக்கம் வரணும். ஆயிரம் ஏன் வரலன்னு கேக்காதீங்க, டேட்டா துண்டு துண்டா பாக்கெட்டாத்தான் போகும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கம்பில 1538 பைட் இடம் போகுது, அதுல உங்க டேட்டா 1448 பைட்தான், மிச்சம் ஹெட்டரும் இடைவெளியும். இந்த 941-ஐ எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் நடுவுல சுவிட்ச், அப்புறம் அந்த கடைசி டேபிள்னு ஒண்ணொண்ணா சேத்துட்டே போங்க, எந்த இடத்துல விழுதோ அங்கதான் வியாதி.

ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் பாக்கணும். சும்மா போட்டா கிளையன்ட், அதாவது நீங்க டெஸ்ட் ஓட்டற மெஷின் அனுப்பும் சர்வர் வாங்கும், கமாண்டுல கேபிட்டல் ஆர் (-R) போட்டா திருப்பி வரும். ஒரு பக்கம் 940, மறுபக்கம் 300ன்னு வர கேஸ் நிறைய இருக்கு. லினக்ஸ்ல ரிடிரான்ஸ்மிட், அதாவது தொலைஞ்சு திருப்பி அனுப்பின பாக்கெட் கணக்கு தனி காலமா வரும், அது லோக்கல் நெட்வொர்க்ல ஜீரோவா இல்லன்னாலும் ஒண்ணு ரெண்டோட நிக்கணும், செகண்டுக்கு நூத்துக்கணக்குல ஏறுதுன்னா கேபிளையோ போர்ட்டையோ மாத்துங்க. கடைசில சென்டர், ரிசீவர்னு ரெண்டு வரி வரும், எடுத்துக்க வேண்டியது ரிசீவர் வரி.

ஆபீஸ் சிஸ்டம் எல்லாம் விண்டோஸா இருக்குமே, அங்க ஒரு சிக்கல். ஐபெர்ஃப்3-க்கு விண்டோஸ்ல அஃபிஷியல் சப்போர்ட் கிடையாது, மைக்ரோசாஃப்ட்டே 2024ல இத விண்டோஸ்ல யூஸ் பண்ணாதீங்க, எங்க சொந்த டூல் என்டிடிடிசிபிய யூஸ் பண்ணுங்கன்னு எழுதினாங்க. நான் சொல்ற சுலபமான வழி, ஒரு பென்டிரைவ்ல உபுண்டு லைவ் போட்டு அதுல பூட் பண்ணுங்க, விண்டோஸ தொடவே வேணாம், டெஸ்ட் முடிஞ்சதும் பிடுங்கிட்டு போயிடலாம். அதுல நல்லா வந்து விண்டோஸ்ல மட்டும் வரலன்னா டிரைவரோ ஆன்டிவைரஸோ, அது உங்க சிஸ்டம் சர்வீஸ்காரர் வேலை.

இப்போ டிசைன் ஃபோல்டர். எல்லா டேபிள்லயும் 940 வந்தும் காப்பி ஸ்லோன்னா நெட்வொர்க்க விட்ருங்க. ஐபெர்ஃப் மெமரில இருந்து மெமரிக்குத்தான் அனுப்புது, ஹார்டு டிஸ்க்கத் தொடாது. ஃபைல் சர்வர்ல பழைய சுத்தற டிஸ்க் இருந்து, ஃபோல்டர்ல குட்டி குட்டியா ஆயிரக்கணக்குல ஜேபெக் இருந்தா எந்த கேபிளும் காப்பாத்தாது. ஒரே ஒரு பெரிய ஜிப் ஃபைல காப்பி பண்ணிப் பாருங்க, அது மட்டும் வேகமா போச்சுன்னா பதில் கிடைச்சிருச்சு, எஸ்எஸ்டி மாத்துங்க.

ஜெர்மனி அப்லோடு வேற கதை. அங்க போய்ட்டு வர 150 மில்லிசெகண்டுன்னு வச்சுக்கோங்க, 300 எம்பிபிஎஸ் லைன் நிறையணும்னா எந்த நேரமும் 5.6 மெகாபைட் டேட்டா வழியில இருக்கணும், அவ்ளோத்தையும் பதில் வராமலே அனுப்பிட்டே இருக்கணும். இப்படி பதில் வராம அனுப்பக்கூடிய அளவுக்கு டிசிபில விண்டோன்னு பேர், பழைய விண்டோ அளவு 64 கிலோபைட்தான், அதுல 3.5 எம்பிபிஎஸ்க்கு மேல வராது. இத பெருசாக்கறதுக்கு விண்டோ ஸ்கேலிங் 1992லயே வந்தாச்சு, இப்ப எல்லா மெஷின்லயும் இருக்கு, ஆனா நடுவுல ஏதாவது பழைய ஃபயர்வால் பாக்ஸ் அத கழட்டி விட்டுச்சுன்னா போச்சு. ஃபிராங்க்ஃபர்ட்ல ஒரு சின்ன கிளவுட் மெஷின் வாடகைக்கு எடுத்து அதுல ஐபெர்ஃப் போட்டு, முதல்ல ஒரே ஸ்ட்ரீம், அப்புறம் கேபிட்டல் பி 8 (-P 8) போட்டு ஒரே நேரத்துல எட்டு ஸ்ட்ரீம். ஒண்ணுல 5, எட்டுல 40ன்னு வந்தா லைன்ல இடம் இருக்கு, விண்டோவோ பாக்கெட் லாஸோதான் கட்டிப் போடுது. எட்டுலயும் அதே 5தான்னா நெட்காரர கூப்பிட்டு அந்த ரிசல்ட்ட கையில குடுங்க.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரி ஐபெர்ஃப் போட்டேன் சார். எல்லா ரூம்லயும் 940, ஒரே ஒரு ரூம்ல மட்டும் கரெக்டா 94. சுவிட்ச் மாத்தியும் அதேதான்.
- ஒரு வாசகர், சேலம்

பதில்: 94ன்னு பாத்ததுமே தெரியுது, அந்த லிங்க் 100 எம்பிபிஎஸ்க்கு இறங்கிடுச்சு. கிகாபிட்டுக்கு கேபிள்ல நாலு ஜோடி கம்பியும் வேணும், 100-க்கு ரெண்டு ஜோடி போதும், அதனால மிச்ச ரெண்டு ஜோடில ஒரு கம்பி கட்டானாலும் நெட் வேலை செய்யும், ஸ்பீடு மட்டும் விழுந்துடும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ரெண்டு முனையிலயும் ஆர்ஜே45 கனெக்டர வெட்டிட்டு புதுசா கிரிம்ப் பண்ணுங்க. முக்காவாசி அங்கயே முடிஞ்சிடும்.

கேள்வி: யுடிபி டெஸ்ட் போட்டா என் ஃபைபர் லைன்ல வெறும் 1.05 எம்பிபிஎஸ் வருது. கம்பெனிக்காரன் ஏமாத்தறானா?
- எஸ்.பி., நாகர்கோவில்

பதில்: பாவம் அவர விடுங்க. யுடிபில எவ்ளோ அனுப்பணும்னு நீங்க சொல்லலன்னா ஐபெர்ஃப்3 தானா 1 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். ஸ்மால் பி (-b) போட்டு அளவ சொல்லுங்க. யுடிபிய ஸ்பீடு பாக்க யூஸ் பண்றதவிட போன் கால் எப்படி இருக்கும்னு பாக்க யூஸ் பண்ணுங்க, 64 கே ஸ்பீடு, பாக்கெட் சைஸ் 160 பைட் குடுத்தா ஜி.711 வாய்ஸ் கால் மாதிரியே செகண்டுக்கு 50 பாக்கெட் போகும், ஜிட்டர் (பாக்கெட் வர்ற நேரம் முன்னப்பின்ன ஆகறது), லாஸ் (தொலையறது) ரெண்டும் கடைசி வரில வந்துடும்.

கேள்வி: வீட்ல டெஸ்ட் சர்வர் வச்சு வெளிய இருந்து கனெக்ட் பண்ணா வரவே மாட்டேங்குது, போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போட்டாச்சு. அப்புறம் என் பையன் ஆன்லைன் கிளாஸ் வீடியோ கால்ல இருக்கறப்ப நான் ஆபீஸ் ஃபைல் அப்லோடு பண்ணா அவன் கால் திக்குது, ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாம் ஓகே.
- வி.எல்., தாம்பரம்

பதில்: ரவுட்டர் பேஜ்ல வேன் (WAN) ஐபி, அதாவது நெட் கம்பெனி உங்க ரவுட்டருக்கு குடுத்த அட்ரஸ பாருங்க. 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா சிஜிநாட், ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்காங்க, நீங்க எத்தன போர்ட் திறந்தாலும் வெளிய இருந்து உள்ள வர முடியாது. சர்வர வெளிய வைங்க. வீட்டுல இருந்து நீங்க கனெக்ட் பண்ணிட்டு கேபிட்டல் ஆர் போட்டா டவுன்லோடும் அளந்துடலாம். கிளவுட் கம்பெனிகள்ல லினோடுக்கு சென்னைலயே இடம் இருக்கு, டிஜிட்டல் ஓஷன்னா பெங்களூர், அமேசான்னா மும்பை, ஹைதராபாத். சிங்கப்பூர்ல சீப்பா கிடைக்குதேன்னு போனீங்கன்னா, சென்னை-சிங்கப்பூர் ஐ2ஐ கேபிளே 3,200 கிலோமீட்டர், ஃபைபர்ல வெளிச்சம் போய்ட்டு வரவே 32 மில்லிசெகண்டு ஆகும், உங்க வீட்டு லைன அளக்க அது சரிப்படாது. பில்லுலயும் ஒரு கண்ணு வைங்க. பெரிய கிளவுட்காரங்க வெளிய போற டேட்டாவுக்குத்தான் காசு வாங்குவாங்க, உங்க டவுன்லோடு டெஸ்ட் அவங்களுக்கு வெளிய போற டேட்டா, 1 கிகாபிட்ல ஒரு மணி நேரம் ஓட விட்டா 450 ஜிபி. 5201-ஐ ஊருக்கே திறந்து வச்சா யார் யாரோ வந்து ஓட்டுவாங்க, வேணும்ங்கறப்ப ஸ்டார்ட் பண்ணி முடிஞ்சதும் நிறுத்திடுங்க.

கால் திக்கறதுக்கு பேர் பஃபர்ப்ளோட், இது ஸ்பீடு டெஸ்ட்ல பெரிய எழுத்துல வர நம்பர்ல தெரியவே தெரியாது. ரவுட்டர் அப்லோடு பாக்கெட்டெல்லாம் வாங்கி வாங்கி அடுக்கி வைக்குது, பையனோட சின்ன வீடியோ பாக்கெட் லாரி வரிசைக்குப் பின்னாடி மாட்டின ஆம்புலன்ஸ் மாதிரி நிக்குது. எப்படி பிடிக்கறதுன்னா, ஒரு விண்டோல அந்த சென்னை சர்வருக்கு பிங் ஓடட்டும், அது பதில் வர்ற நேரத்த காட்டும், சும்மா இருக்கறப்ப 8, 10 மில்லிசெகண்டுன்னு வரும். இன்னொரு விண்டோல ஐபெர்ஃப் அப்லோடு 60 செகண்டு போடுங்க. பிங் 15, 20ல நின்னா பிரச்சனை இல்ல, 300, 400ன்னு ஏறிச்சுன்னா இதேதான். வைஃபைல பண்ணாதீங்க, வயர்ல பண்ணுங்க, இல்லன்னா வைஃபையோட கோளாறும் சேந்து வந்து குழப்பும். சரி பண்ண ஓபன்டபிள்யூஆர்டிங்கற ரவுட்டர் சாஃப்ட்வேர் போட முடியற ஒரு ரவுட்டர் வாங்கி, அதுல பாக்கெட் வரிசைய ஒழுங்கு பண்ற கேக் (CAKE) இல்ல எஃப்கியூ-கோடல் (fq_codel) ஆன் பண்ணி, லைன் ஸ்பீடுல 85, 90 பர்சென்ட்டுக்கு லிமிட் வைங்க. கொஞ்சம் ஸ்பீட விட்டுக் குடுக்கணும், ஆனா அவன் கிளாஸ் திக்காது. பிளான் அப்கிரேடு பண்ணுங்கன்னு கஸ்டமர் கேர்ல சொல்வாங்க, இந்த டெஸ்ட் போடாம பணம் கட்டாதீங்க.

கேள்வி: அண்ணா, காலேஜ் லேப்ல ஐபெர்ஃப் சர்வர் வச்சோம், ஒருத்தன் ஓட்டறப்ப மத்தவனுக்கு சர்வர் பிஸின்னு வருது. 10 கிகாபிட் கார்டு போட்டும் ஃபுல்லா வரல.
- இன்ஜினியரிங் மாணவர், மதுரை

பதில்: தம்பி, ஐபெர்ஃப்3 சர்வர் ஒரு நேரத்துல ஒரு டெஸ்ட்தான் எடுக்கும், அது டிசைனே அப்படி. 5201, 5202, 5203ன்னு நாலஞ்சு தனித்தனியா ஓட விடுங்க. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டினா ஒரே கார்ட பங்கு போடறீங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த ரிசல்ட்ட ரெக்கார்டுல எழுதாதீங்க. சும்மா பிரவுசர்ல பாக்கணும்னா அதே பெட்டில லிப்ரேஸ்பீடுங்கற ஸ்பீடு டெஸ்ட் பேஜ போட்டு விடுங்க, ஹாஸ்டல் பசங்க மொபைல்லயே பாத்துக்கலாம். 10 கிகாபிட்டுக்கு வெர்ஷன் பாருங்க, 3.16க்கு முன்னாடி எத்தன ஸ்ட்ரீம் போட்டாலும் ஒரே சிபியு கோர்லதான் ஓடும். உபுண்டு 22.04ல வர்றது 3.9, 24.04ல 3.16.

கேள்வி: டெஸ்ட் சர்வரா ராஸ்பெரி பை வைக்கலாமா?
- ஆர்.ஜே., திண்டுக்கல்

பதில்: எந்த பைங்கறதப் பொறுத்தது. 3பில ஈதர்நெட்டே 100 எம்பிபிஎஸ்தான். 3பி பிளஸ்ல கிகாபிட்னு போட்டிருக்கும், ஆனா அது யுஎஸ்பி 2.0 வழியா போறதால 300க்கு மேல தாண்டாது. 2019ல வந்த பை 4லதான் நெஜ கிகாபிட். கையில 3பிதான் இருக்குன்னா அதுல ஸ்பீடு அளக்காதீங்க, நாள் பூரா பிங் போட்டு லாக் எடுக்க விடுங்க, அந்த வேலைக்கு அது அருமையான சாமான்.