டிரைவரில் டிவைஸ் மெமரி ரீமேப்: கேள்வி பதில்

போன ஞாயிறு பெங்களூரு அல்சூரில் நடந்த லினக்ஸ் கெர்னல் டிரைவர் சந்திப்பில் நேரம் போதாமல் விட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மாரத்தஹள்ளி): அண்ணா, பிசிஐஇ கார்டை (கணினியில் செருகும் வன்பொருள் அட்டை) ரீசெட் செய்யும்போது, யூசர் புரோகிராம் எம்மேப் செய்திருக்கும் (தன் முகவரிகளோடு நேரடியாக இணைத்திருக்கும்) கார்டு மெமரிப் பகுதியைத் தொட்டால் மெஷினே தொங்கிவிடுகிறது. ரீசெட்டுக்கு முன் அந்த மேப்பிங்கை அழிக்கும் அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச் கூப்பிடுகிறேனே, அப்புறமும் ஏன்?

பதில்: தம்பி, அழித்தது சரி. ஆனால் அழித்த மறுநொடியே இன்னொரு த்ரெட் அதே முகவரியைத் தொடும், ஃபால்ட் ஹேண்ட்லர் (மேப்பிங் இல்லாத முகவரியைத் தொட்டால் கூப்பிடப்படும் டிரைவர் கோடு) ஓடும், மேப்பிங்கைத் திரும்பப் போட்டுவிடும், நீங்களோ ரீசெட்டின் பாதியில் நிற்பீர்கள். ஹேண்ட்லரைத் திறந்து பாருங்கள்: லாக் எடுத்து, டிவைஸ் தயாரா என்று பார்த்து, லாக்கை விட்டுவிட்டு, அதன் பிறகு மேப்பிங்கைப் போடும் விஎம்எஃப்_இன்சர்ட்_பிஎஃப்என் கூப்பிடுகிறீர்களா? அங்கேதான் ஓட்டை. பார்ப்பதும் போடுவதும் ஒரே லாக்குக்குள் நடந்தே ஆகவேண்டும். ஒரு ரீட்-ரைட் செமஃபோர் (ரீட் பக்கம் பலர் சேர்ந்து எடுக்கலாம், ரைட் பக்கம் ஒருவர் மட்டுமே எடுக்கக்கூடிய லாக்) வையுங்கள். ஃபால்ட்டில் ரீட் பக்கம். ரீசெட்டில் ரைட் பக்கம் எடுத்து, மேப்பிங்கை அழித்து, ரீசெட் முடிந்து கார்டு பேச ஆரம்பித்த பிறகே விடுங்கள். அதுவரை தொட்ட த்ரெட் ஃபால்ட்டிலேயே காத்திருக்கும். கார்டு எழவே இல்லையென்றால் சிக்பஸ் (தவறான மெமரி அணுகல் என்று புரோகிராமுக்குப் போகும் சிக்னல்) கொடுங்கள். லினக்ஸின் விஎஃப்ஐஓ பிசிஐ டிரைவரில் (கார்டை யூசர் புரோகிராமிடம் நேரடியாகக் கொடுக்கும் டிரைவர்) சிவிஇ-2020-12888 என்ற பாதுகாப்புக் குறையைச் சரிசெய்தபோது மெமரி_லாக் என்று ஒரு செமஃபோரைச் சேர்த்தார்கள், அந்தக் கோடை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): ஸ்பின்லாக் போதாதா?

பதில்: போதாது. மேப்பிங் போட பேஜ் டேபிள் ஒதுக்கும்போதே தூங்க நேரும், ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி தூங்கக் கூடாது.

கேள்வி (பெல்லந்தூர்): சார், அதே லாக்கை ஐஓசிடிஎல்லிலும் (யூசர் புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி) எடுத்தேன், லாக்டெப் (லாக் வரிசையைச் சோதிக்கும் கெர்னல் கருவி) கத்துகிறது.

பதில்: நல்லதும்மா, வாடிக்கையாளர் இடத்தில் தொங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டது. லாக்கைப் பிடித்தபடி காப்பி_டு_யூசர் (யூசர் மெமரிக்கு நகலெடுப்பது) செய்திருப்பீர்கள். அது ஃபால்ட் ஆனால் எம்மேப்_லாக் (புரோகிராமின் மெமரி மேப்பைக் காக்கும் கெர்னல் லாக்) கேட்கும். ஃபால்ட் பாதையிலோ எம்மேப்_லாக் முதலில், உங்கள் லாக் பின்னால். இரண்டு த்ரெட் எதிரெதிராக நின்றால் முடிந்தது கதை. தேவையானதை ஒரு லோக்கல் ஸ்ட்ரக்டில் எடுத்துவைத்து, லாக்கை விட்டபின் யூசருக்குக் கொடுங்கள்.

கேள்வி (வைட்ஃபீல்ட்): டிரைவர் மாட்யூலை எடுக்கும்போது சிலசமயம் மட்டும் ஊப்ஸ் (கெர்னல் பிழை) வருகிறது. டெவ்எம் (டிரைவர் எடுத்த வளங்களைத் தானாக விடும் வசதி) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா?

பதில்: டெவ்எம் எடுத்த வரிசைக்கு நேர் எதிராக விடும், ஆனால் உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான். ரிமூவில் ஒர்க்கை (பிறகு ஓட வரிசையில் போட்ட வேலை) நிறுத்தும் கேன்சல்_வொர்க்_சிங்க் மட்டும் செய்தால், இன்டரப்ட் ஹேண்ட்லர் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஒர்க்கை மறுபடி வரிசையில் போட்டுவிடும், மேப்பிங் போனபின் அது ரீட்எல் (கார்டு ரெஜிஸ்டரைப் படிப்பது) செய்யும். முதலில் கார்டில் இன்டரப்டை மாஸ்க் செய்யுங்கள், அப்புறம் ஐஆர்கியூவை, அதாவது இன்டரப்ட் எண்ணை, விடுங்கள் (ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது நிற்கும்), அதன்பின் ஒர்க்கை நிறுத்துங்கள், கெர்னல் பக்க மேப்பிங்கை எடுக்கும் ஐஓஅன்மேப் கடைசியில்.