ஒரு காதுக்கு இம்பிளான்ட் இருக்க, மற்றதுக்கும் மெஷின் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிகுடி. 7 வயது மகளுக்கு வலது காதில் கொக்லியர் இம்பிளான்ட் (சத்திரசிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்து இரண்டு வருடம். இப்போது இடது காதுக்கு ஹியரிங் எயிட் போடச் சொல்கிறார்கள். விலை 180,000 ரூபாய். வங்கியில் 6 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது, முதிர மூன்று மாதம் கிடக்கிறது. ஒரு காது கேட்கிறதே, இது வீண் செலவா? நகையை அடகு வைக்கவா?

பதில்: வீண் செலவே இல்லை, தங்கச்சி. இம்பிளான்டில் பேச்சு விளங்கும். ஆனால் குரலின் ஏற்ற இறக்கம், பாட்டின் ராகம் எல்லாம் அதில் சரியாக வராது. இடது காதில் கொஞ்சமாவது கேள்திறன் மிச்சம் இருந்தால், அந்தக் குறையை ஹியரிங் எயிட் ஓரளவு நிரப்பும். இரைச்சலான வகுப்பில் ரீச்சர் சொல்வதைப் பிடிக்கவும், ஓட்டோ எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறியவும் இரண்டு காதும் வேண்டும். மிச்சம் எவ்வளவு என்பதைப் பரிசோதனை சொல்லும். அதைப் பார்த்து, சில நாள் போட்டுப் பார்க்கவும் தரச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

நகையைத் தொட வேண்டாம். வைப்பையும் இடையில் உடைக்காதீர்கள், வட்டி குறைந்துவிடும். அதே வைப்பின் மேல் வங்கியில் கடன் எடுக்கலாம். ஆண்டுக்கு 12 வீதம் என்று வைத்தாலும் மூன்று மாதத்துக்கு வட்டி 5,400 ரூபாய்தான். பிள்ளைக்கு இடது காது கேட்காமல் இருக்கும் மூன்று மாதத்தை விட அது பெரிதில்லை. வாங்குமுன் பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றியும் விசாரியுங்கள்.

எனக்குக் கவலை வாங்கிய பிறகு வரும் செலவில்தான். 180,000 ரூபாயை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000. அதோடு பற்றரி, காது அச்சு (மெஷினைக் காதுக்குள் பொருத்த, காதின் அளவுக்குச் செய்யும் துண்டு), கொழும்புக்குப் போய்வரும் செலவு. பிள்ளை வளர வளர அச்சு இறுக்கமில்லாமல் போய்க் கீச்சிடும், மாற்றத்தான் வேண்டும். பற்றரியின் ஸ்டிக்கரை உரித்தால் பாவிக்காவிட்டாலும் அது தீரத் தொடங்கும். தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். நம் வாவிக்காற்றின் ஈரம் இரண்டு மெஷினுக்கும் ஆகாது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் போத்தலில் வையுங்கள்.

வைப்பு முதிர்ந்ததும் கடனை அடைத்துவிட்டு, மீதி 4 இலட்சத்துச் சொச்சத்தை மகளின் பெயரில் தனியாகப் போடுங்கள். இம்பிளான்டின் வெளிப்பகுதியான புரொசசரை ஒருநாள் மாற்ற வேண்டிவரும், அது ஹியரிங் எயிட்டை விடப் பலமடங்கு விலை. உத்தரவாதம் எந்தத் திகதியில் முடிகிறது என்று இன்றைக்கே பில்லில் பாருங்கள்.