மோனோடைப்பில் நகரக் காட்சிகள்: கேள்வி பதில்

கேள்வி: மழை நின்ற இரவு, ஈரச் சாலை, தெருவிளக்கு, நான்கைந்து ஆட்கள். இதை மோனோடைப்பாக, அதாவது தகட்டில் மையால் படம் அமைத்துத் தாளில் ஒரே ஒரு அச்சாக, எடுக்க வேண்டும். அக்ரிலிக் தகடு, எண்ணெய் மை, பிரஸ் (அச்சு அழுத்தும் இயந்திரம்) எல்லாம் உண்டு. எங்கே தொடங்குவது?

பதில்: இரவு என்றால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். தகடு முழுக்க மை பூசிவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் துடைத்தெடுக்கும் முறை. 1870களில் பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா கஃபே மேடைகளின் விளக்கொளியை இப்படித்தான் துணியாலும் விரலாலும் எடுத்தார்.

தகடு 2 அல்லது 3 மி.மீ. கனம் இருக்கட்டும். நான்கு ஓரத்தையும் அரத்தால் 45 பாகை சரிவாகத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் தாள் கிழியும், பிறகு பிரஸ்ஸின் ஃபெல்ட் (தாளின் மேல் விரிக்கும் கம்பளித் துணி) கிழியும்.

மையைக் கண்ணாடிப் பலகையில் ரோலரால் இழுங்கள். ரோலர் ஓடும்போது 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். 'சளக் சளக்' என்றால் மை அதிகம், பாதியை வழித்தெடுங்கள். தகட்டில் நீளவாக்கில் ஒரு பூச்சு, குறுக்குவாக்கில் ஒரு பூச்சு, மூலைவாக்கில் ஒன்று. ஒரே பூச்சில் மூட நினைத்தால் ரோலரின் விளிம்புக் கோடுகள் அச்சில் அப்படியே தெரியும்.

தகட்டின் அடியில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு துடையுங்கள். அப்போதுதான் எவ்வளவு வெளிச்சம் வரும் என்று கணிக்க முடியும். பெரிய வெளிச்சம் முதலில்: வானம், சாலையின் பளபளப்பு. அடுத்து நடுத்தர நிறங்கள். இங்கே துடைக்காமல், சுருட்டிய துணியால் ஒற்றி எடுங்கள். விளக்கும் அதன் நேர்கீழே விழும் பிரதிபலிப்பும் கடைசியில். ஈரச் சாலையில் விளக்கொளி செங்குத்தாக நீளும். அதை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் எடுங்கள். இரண்டாவது இழுப்பில் அந்த ஈரம் போய்விடும். ஆட்களைத் தனியாக வரைய வேண்டாம். சுற்றியுள்ள வெளிச்சத்தைத் துடைத்தாலே மிஞ்சிய கருப்பு ஆளாகிவிடும். பஞ்சுக்குச்சியைக் கரைப்பானில் நனைத்துத் துடைப்பவர்கள் அதை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். தகட்டில் ஒரு துளி தங்கினாலும் பிரஸ் அழுத்தத்தில் அது பரவி விளக்கைச் சுற்றி அழுக்கு வளையமாகும்.

பருத்தித் தாள், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்). 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே அழுத்துங்கள். தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும், மேலே நீர்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. பளபளப்பு இருந்தால் எண்ணெய் மை அந்த இடத்தில் ஒட்டாது. வெள்ளைப் பொட்டுகள் விழும்.

கேள்வி: சார், பிரஸ் இல்லை. வீட்டில் முடியுமா?

பதில்: தாராளமாக. கனத் தாளை விட்டுவிட்டு 40 முதல் 60 ஜிஎஸ்எம் வரையிலான ஜப்பானிய வகைத் தாளை எடுங்கள், ஊறவைக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கனமாக எதையாவது வைத்துத் தாளை அசையாமல் பிடித்து, மரக்கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். மறுமூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் திரும்பத் தேய்க்கலாம். பிரஸ்ஸில் இந்த வசதி கிடையாது. அமெரிக்க ஓவியர் மாரிஸ் பிரெண்டர்காஸ்ட் 1890களில் தொடங்கி பூங்காக்களையும் தெருக் கூட்டங்களையும் மோனோடைப்பாக எடுத்தவர். பிரஸ் அல்லது கரண்டி, எதுவானாலும் சரி என்பதுதான் அவர் சொல்லிவைத்த செய்முறை.

கேள்வி: அச்சில் உருவங்களின் ஓரம் நசுங்கி, மை பிதுங்கி நிற்கிறது. அழுத்தத்தைக் குறைக்கவா?

பதில்: மையைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் பிதுங்கினால் அழுத்தத்தைப் பார்க்கலாம். மை தளர்வாக இருந்தாலும் இப்படி ஆகும். சிறிது மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கலந்து இறுக்குங்கள்.

கேள்வி: மின்கம்பிகள், பால்கனிக் கம்பிகள் போன்ற மெல்லிய கருப்புக் கோடுகளுக்கு என்ன வழி?

பதில்: டிரேஸ் முறை. தகட்டில் மையை மிக மெல்லிசாக உருட்டி, சில நிமிடம் விட்டு, மேலே மெல்லிய தாளைப் போடுங்கள். அழுத்த வேண்டாம், போட்டால் போதும். தாளின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தால், அழுத்தம் பட்ட இடத்தில் மட்டும் மை ஏறும். கோட்டின் இருபுறமும் லேசான மங்கல் வரும். கம்பிக்கு அது அழகுதான். உள்ளங்கை தாளில் படக் கூடாது. இரு பக்கமும் சிறு கட்டைகள் வைத்து, மேலே ஒரு ஸ்கேலைப் பாலமாகப் போட்டு அதில் கையை ஊன்றுங்கள்.

கேள்வி: கடைப் பலகை எழுத்தெல்லாம் இடவலம் மாறி வருகிறதே?

பதில்: தகட்டில் உள்ளது கண்ணாடிப் பிம்பமாகத்தான் தாளில் வரும். புகைப்படத்தை இடவலம் திருப்பி, தகட்டின் அடியில் வைத்து வரையுங்கள். எழுத்து மட்டுமில்லை, வண்டிகள் போகும் பக்கம், ஸ்டீயரிங், கடிகாரம் எல்லாமே மாறும். இடையிடையே தகட்டைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள்.

மறுப்பு (வேறொருவர்): இதை ஏற்க மாட்டேன். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879-80இல் வெனிஸில் நேரடியாகத் தகட்டிலேயே வரைந்தார். அச்சில் வெனிஸ் இடவலம் மாறித்தான் இருக்கிறது. அதனால் அந்த எட்சிங்குகளின் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுகளின்) மதிப்பு குறைந்ததா? அச்சுக் கலையின் குணத்தை மறைப்பானேன்?

பதில்: விஸ்லரின் வெனிஸில் நீரும் வாசல்களும் படகுகளும்தான். அவை திரும்பினால் அந்த ஊர்க்காரருக்கு மட்டும் தெரியும். இன்றைய தெருவில் பத்தடிக்கு ஒரு பலகை. திரும்பிய எழுத்தைக் கண்டதும் பார்ப்பவர் அதைப் படிக்க முயல்வார். நீங்கள் பாடுபட்டு எடுத்த வெளிச்சத்தை யார் பார்ப்பது?

மறுப்பு (அதே நபர்): அப்படியானால் எழுத்தே வேண்டாமே. பலகையைப் பலகையாக விட்டால் போச்சு.

பதில்: இதில் ஒத்துப்போகிறோம். தூரத்துப் பலகைக்கு இரண்டு நிறப் பட்டைகள் போதும். ஆனால் முன்னால் நிற்கும் பேருந்தின் எண்ணை மழுப்பினால், ஓவியர் தப்பித்துக்கொண்டார் என்று தெரிந்துவிடும்.

இடையில் இன்னொருவர்: ஈர அச்சின் மேல் இன்னொரு தாளை வைத்து எடுத்தால் நேராகிவிடாதா?

பதில்: ஆகும். அச்சு வந்த கையோடு, அதன் மேல் ஈரத் தாளைப் போட்டு மறுபடி பிரஸ்ஸில் விடுங்கள். நேர்ப் பிம்பம் கிடைக்கும், ஆனால் வெளிறிப்போகும். இதற்கு மட்டும் மை சற்றே கூடுதலாக இருக்கலாம். இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சார், எனக்கும் ஓரத்தில் மை பிதுங்குகிறது...

பதில்: மேலே சொல்லியாயிற்று. மை அதிகம்.

கேள்வி: ஜெல் தகட்டில் (ஜெல்லி போன்ற மெத்தென்ற தகடு), அக்ரிலிக் பெயின்ட்டில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் பெயின்ட் நிமிடங்களில் காய்வதால் வேலையின் போக்கே வேறு. அதில் பழகியவரைக் கேளுங்கள்.

கேள்வி: முதல் அச்சுக்குப் பிறகு தகட்டில் மிச்சமிருக்கும் மையில் இன்னொன்று எடுக்கலாமா? எண் எப்படிப் போடுவது?

பதில்: எடுங்கள், கோஸ்ட் என்பார்கள். அதே தெரு பனிமூட்டக் காலையாக வரும். ஈரத் தாளும் கூடுதல் அழுத்தமும் வேண்டும். காய்ந்த பிறகு மேலே பேஸ்டல் (வண்ணச் சுண்ணக்கட்டி) தீட்டலாம். தெகா தம் இரண்டாம் அச்சுகள் பலவற்றில் செய்தது அதுதான். எண்: முதல் அச்சுக்கு 1/1, அதாவது மொத்தம் ஒன்று, அதில் முதலாவது. கோஸ்ட்டுக்கு 2/2 என்று போடாதீர்கள், அது வேறு படம். 'கோஸ்ட்' என்றே எழுதிவிடுங்கள்.

கேள்வி: என் அச்சு முழுக்க ஒரே கருப்பு. துடைத்த இடம்கூடத் தெரியவில்லை. தாள் மோசமா?

பதில்: தாளைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் ரோலர் போடும் சத்தத்தை ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: படத்துக்கு என்ன விலை வைக்கலாம்?

பதில்: என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

கேள்வி: சுத்தம் செய்ய டர்பன்டைன் கட்டாயமா?

பதில்: இல்லை. சமையல் எண்ணெயால் மையை இளக்கித் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர். அக்ரிலிக் தகட்டில் அசிட்டோன் படவே கூடாது, தகடு கரைந்து மங்கிவிடும். ஆளிவிதை எண்ணெய் மை துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூடாகும். குவியலுக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது திறந்தவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.