கவுன்சிலர்கிட்ட போய் என்னத்த பேசறது?

அக்கா வணக்கம்,

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், 32 வயசு. அப்பா போன கார்த்திகைல தவறிட்டாரு. அதுல இருந்து ராத்திரி மூணு மணிக்கு டான்னு முழிப்பு வந்துருது, ஆபீஸ்ல ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கண்ணு கலங்குது. ஒரு பிரைவேட் கவுன்சிலர்கிட்ட வர்ற சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், 50 நிமிஷத்துக்கு 1200 ரூபா. இப்ப பயமா இருக்கு. என்னத்த பேசறது? மாத்திரை குடுத்துருவாங்களா? வீட்டுக்காரருக்குச் சொல்லிருவாங்களா? அம்மா வேற "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா போற"ன்னு அழுகுது. நீங்க போயிருக்கறதா ஒரு தடவ எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன்.

ம.

அன்புள்ள ம.,

நீங்க அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு பயப்படறீங்க, நான் அந்த போனைப் பண்ணவே நாலு மாசம் இழுத்தேன். கவுன்சிலரைப் பாக்கப் போறேன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னதுக்கு "ஏன், உங்க லைன்லயும் தண்ணி வரலையா"ன்னு கேட்டாங்க, வார்டு கவுன்சிலர்னு நெனச்சு. நான் ஆமான்னுட்டேன்.

முதல் நாள் பெருசா ஒண்ணும் நடக்காது, இத மனசுல வச்சுக்கிட்டுப் போங்க. ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அப்புறம் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்ல யார் யாரு, வேற மாத்திரை எதாவது எடுக்கறீங்களா, எப்ப இருந்து இப்படின்னு வரிசையா கேப்பாங்க. சாகணும்னு தோணுதான்னும் நேராவே கேக்கலாம், திடுக்குனு ஆயிராதீங்க, வர்றவங்ககிட்ட வழக்கமா கேக்கறதுதான். தோணியிருந்தா தோணுச்சுன்னே சொல்லுங்க, அத மறைச்சுட்டு மத்ததெல்லாம் பேசி பிரயோஜனமில்ல. சனிக்கிழமைக்கு முன்னாடியே ஒரு ராத்திரி ரொம்ப முடியலன்னா 14416னு டெலி மானஸ், அதாவது அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, 2022ல இருந்து ஓடுது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

என்ன பேசறதுன்னு ஒத்திகையெல்லாம் வேண்டாம். "மூணு மணிக்கு முழிப்பு வருது"ன்னு எனக்கு எழுதினீங்கல்ல, அங்கயும் அதுல இருந்தே ஆரம்பிங்க.

நான் ஏமாந்தது வேற ஒரு இடத்துல. கவுன்சிலரம்மா எதாவது சொல்லுவாங்க, நான் நோட்டுல எழுதிக்கலாம்னு போனேன், நெசமாவே ஒரு நோட்டு எடுத்துட்டுப் போனேன். 50 நிமிஷமும் நானேதான் பேசினேன், அவங்க பத்து வாக்கியம் பேசியிருந்தா அதிகம். வெளிய வந்து எனக்கு ஒரே எரிச்சல், இதுக்கு எங்க பெரியம்மாகிட்ட போயிருந்தா காப்பியும் போட்டுக் குடுத்து நாலு புத்தியும் சொல்லியிருக்கும். நம்ம ஊர்ல துக்கத்தைச் சொல்லி வாய மூடறதுக்குள்ள அட்வைஸ் வந்து நிக்கும். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க, "நல்ல சாவும்மா, படுக்கைல கெடக்காம போய்ட்டாரு, நீ குழந்தைங்க மூஞ்சியப் பாத்துத் தேத்திக்க"ன்னு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அந்த வார்த்தைக்கு அப்புறம் நீங்க அப்பாவைப் பத்திப் பேச முடியாதுல்ல? அங்க யாரும் அப்படி வாய அடைக்க மாட்டாங்க, நடுவுல ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லாம போகும், அதுவே நமக்கு என்னமோ மாதிரி இருக்கும்.

நாலாவது தடவையோ என்னமோ, எங்கம்மா ஐசியூல இருந்ததைச் சொல்லிட்டிருக்கேன், "இதைச் சொல்றப்பல்லாம் சிரிக்கறீங்களே"ன்னாங்க. அவ்ளோதான் கேட்டாங்க. அன்னிக்கு மேசைல இருந்த டிஷ்யூ டப்பா பாதி காலி. அதனால ஒரு நாள்ல முடிவு பண்ணாதீங்க, மூணு நாலு தடவ போங்க.

மாத்திரைக்கு வருவோம். கவுன்சிலர் எழுதிக் குடுக்க முடியாது, அதுக்கு சைக்கியாட்ரிஸ்ட், அதாவது எம்பிபிஎஸ் முடிச்சுட்டு மேல மனநலம் படிச்ச டாக்டர். தூக்கம் ரொம்ப மோசமா இருந்தா அவரைப் பாருங்கன்னு இவங்களே அனுப்புவாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கறவங்க ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். ஆனா வெறும் கவுன்சிலர்ன்ற போர்டை ஆறு மாச கோர்ஸ் முடிச்சவங்களும் மாட்டிக்கறாங்க, அதனால என்ன படிச்சீங்க, எத்தன வருஷமா பாக்கறீங்கன்னு கேளுங்க. நல்லவங்க கோச்சுக்க மாட்டாங்க. நான் முதல்ல ஒருத்தர்கிட்ட போய் மாட்டினேன், பத்து செஷன் பேக்கேஜ் முன்பணமா கட்டினா சரியாயிரும்னு கேரண்டி குடுத்தாரு, நடுவுல ஜாதகம் வேற கேட்டாரு. பாதிலயே எந்திரிச்சு வந்துட்டேன், அந்தக் காசு போனது போனதுதான். காசு பத்தலன்னா அரசு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு ஓபி இருக்கு, கூட்டமா இருக்கும், ஆனா இலவசம்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்ற வேலையெல்லாம் ஒழுங்கான கவுன்சிலர் செய்ய மாட்டாங்க. 2017ல வந்த மனநலச் சட்டத்துல ரகசியம் காக்கணும்னு 23வது பிரிவே இருக்கு, ஆனா அது முக்கியமா டாக்டர், க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாதிரி பதிவு பண்ணினவங்களை வச்சு எழுதினது. அதனால கவுன்சிலர் குடுக்கற ஃபார்ம்ல இது இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க. உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல ஒரு குழந்தைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னா வெளிய சொல்ல வேண்டி வரும், அதையும் முதல் நாளே சொல்லிருவாங்க. ஆனா பாருங்க, ரகசியம் அவங்களால வெளிய வர்றத விட நம்ம போன்ல இருந்துதான் வரும். அப்பாயின்ட்மென்ட் ரிமைண்டர் வாட்ஸப்ல வேண்டாம்னு சொல்லிருங்க, பணத்தை ஜிபேல போடாம கையில குடுங்க. அப்புறமா நீங்களே அவர்கிட்ட சொல்லணும்னு நெனச்சா அது உங்க இஷ்டம்.

அம்மாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. கீழ்ப்பாக்கம்னு சொல்லிச் சொல்லியே நம்மள வளத்துட்டாங்க, அந்த ஆஸ்பத்திரி 1794ல ஆரம்பிச்சது, அவ்ளோ பழைய பயம் ஒரு சனிக்கிழமைல போகாது. அதுவும் அம்மாவுக்குப் போனது புருஷன். இப்போதைக்கு தூக்கம் வராததுக்குக் காட்டப் போறேன்னு மட்டும் சொல்லுங்க, பொய்யும் இல்லல்ல.

சனிக்கிழமை முடிஞ்ச கையோட பையரோட போன் கால் எதுவும் வச்சுக்காதீங்க. நல்லா அசதியா இருக்கும், தலைவலிக்கும், சில பேருக்கு அன்னிக்கு ராத்திரி முன்னாடி இருந்ததை விட அழுகை ஜாஸ்தியாவே வரும். ஸ்கூட்டியை உடனே எடுக்காம பக்கத்துல எங்கயாவது உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு மெதுவா கிளம்புங்க.